இருளில் அச்சான ஒளி

நுழையும்முன்

கைப்பேசியில் எடுக்கப்படும் ஒரு காட்சி இன்று நொடிப்பொழுதில் உலகின் மறுகோடியைச் சென்றடைகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காட்சி படக்கருவியிலிருந்து வெண்திரையை அடைவதற்கு இடையில் ஓர் இருட்டறை இருந்தது. அந்த இருட்டறையில் துளையிடுதல், உருத்துலக்குதல், கழுவுதல், உலர்த்துதல், படியெடுத்தல் ஆகிய வேலைகள் அனைத்தும் கையாலேயே செய்யப்பட்டன. இந்தியாவில் அவ்வேலைகளைத் தாமே கற்று, தம் வீட்டையே படப்பதனிடு கூடமாக்கி, முழுநீளக் கதைப்படத்தை உருவாக்கியவர் தாதாசாகேப் பால்கே. அவரது வாழ்க்கையை அந்த இருட்டறையின் வழியே எடுத்துரைக்கிறது இப்பாடம்.

திரியம்பகத்திலிருந்து பம்பாய்க்கு

மராட்டிய மாநிலத்தின் நாசிக் நகருக்கு அருகில், கோதாவரி ஆறு தோன்றும் மலையின் அடிவாரத்தில் அமைந்த திருத்தலம் திரியம்பகம். அவ்வூரில் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் துண்டிராஜ் கோவிந்த் பால்கே பிறந்தார். இவரே பிற்காலத்தில் தாதாசாகேப் பால்கே என்று அன்புடன் அழைக்கப்பட்டார். தந்தையார் வடமொழிப் புலமை மிக்கவர். பம்பாயிலுள்ள வில்சன் கல்லூரியில் வடமொழி கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்ததால் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது.

புராணக் கதைகளும் வடமொழிச் செய்யுள்களும் ஒலித்த வீட்டில் வளர்ந்த துண்டிராஜின் மனம் ஓவியத்தை நாடியது. 1885ஆம் ஆண்டு பம்பாயின் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் கற்றார். பின்னர்ப் பரோடாவிலுள்ள கலாபவனத்தில் வண்ண ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றைப் பயின்றார். அங்கேதான் ஒளிப்படக்கலை அவரை ஆட்கொண்டது. கலாபவனத்தின் தலைவராயிருந்த பேராசிரியர் கஜ்ஜர் அம்மாணவரின் ஆர்வத்தை அடையாளம் கண்டு, மூவண்ண அச்சுக்கட்டை செய்யும் முறையையும் ஒளிக்கல்லச்சு முறையையும் கற்று வருமாறு இரத்லாம் நகருக்கு அனுப்பிவைத்தார். ஒளிபட்ட இடத்தில் உருவம் தங்கும் மாயத்தையும், தங்கிய உருவத்தை ஒன்று பலவாகப் படியெடுக்கும் நுட்பத்தையும் அவர் இளமையிலேயே கைவரப்பெற்றார். பின்னாளில் திரைப்படத்துறையில் நுழைந்தபோது அவருக்குத் துணைநின்ற மூலதனம் இவ்வறிவே.

கல்லச்சும் கண்ணீரும்

கல்வி முடிந்ததும் கோத்ரா நகரில் ஒளிப்பட நிலையம் ஒன்றை நடத்தினார் பால்கே. தொழில் வேரூன்றும் வேளையில் கொள்ளைநோய் அப்பகுதியைத் தாக்கியது. மனைவியையும் குழந்தையையும் அந்நோய்க்குப் பறிகொடுத்து, தனியராய்ப் பரோடாவுக்குத் திரும்பினார். அங்கும் தொழில் நிலைக்கவில்லை. படக்கருவி மனிதரின் உயிராற்றலை உறிஞ்சிக்கொள்ளும் என்னும் அச்சம் மக்களிடையே பரவியிருந்ததே அதற்குக் காரணம். இக்காலத்தில் கார்ல் ஹெர்ட்ஸ் என்னும் மேனாட்டு மாயவித்தைக் கலைஞரிடம் சில வித்தைகளைக் கற்றார். தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கிக் கெல்பா என்னும் பெயரில் மேடையேறினார். கண்ணை ஏமாற்றும் கலையில் அவர் பெற்ற இப்பயிற்சி, பின்னர்த் திரையில் தெய்வங்கள் தோன்றி மறையும் காட்சிகளை அமைக்கப் பயன்பட்டது.

1902ஆம் ஆண்டு அவர் மறுமணம் செய்துகொண்டார். துணைவியாக வந்தவர் சரசுவதிபாய். இந்தியத் திரைப்பட வரலாற்றில் பால்கேயின் பெயருக்கு அருகே வைத்து எண்ணத்தக்கவர் இவ்வம்மையார்.

1903ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையில் ஒளிப்படக்காரராகவும் வரைவாளராகவும் பால்கே பணியேற்றார். சுதேசி இயக்கம் நாடெங்கும் எழுச்சி பெற்ற நாள்களில் அரசுப் பணியைத் துறந்து, லோனாவ்லாவில் செதுக்கச்சுக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஓவியர் இரவிவர்மாவின் படங்களை அச்சிட்ட கூடத்திற்குத் தேவையான ஒளிக்கல்லச்சு வேலைகளைச் செய்தளித்தார். அரசர்களின் அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த ஓவியங்கள் எளியோரின் குடிசைகளுக்கும் பூசையறைகளுக்கும் வந்துசேர்ந்தது அத்தகைய அச்சுக்கூடங்களால்தான். ஒரு படம் ஒருவருக்கே உரியதாக இருத்தலினும் ஆயிரம் படிகளாகி ஆயிரம் பேரை அடைதலே சிறப்பு என்னும் எண்ணம் பால்கேயின் உள்ளத்தில் ஊன்றியது அங்கேதான். பின்பு பம்பாயின் தாதர் பகுதியில் கூட்டாளிகளுடன் வண்ண அச்சகம் நடத்தினார். புதிய இயந்திரங்களுக்காக 1909ஆம் ஆண்டு செருமனிக்கும் சென்றுவந்தார். ஆயினும் அச்சகத்தை நடத்தும் முறையில் கருத்து வேறுபாடு எழவே, கைப்பொருளை விட்டு வெறுங்கையராய் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

பார்வையை வருத்திய வேட்கை

பால்கே ஒருநாள் பம்பாயில் திரையிடப்பட்ட இயேசுநாதர் வாழ்க்கைப் படத்தைக் கண்டார். திரையில் இயேசுவின் உருவம் அசைந்தபோது அவர் மனத்திரையில் இராமனும் கண்ணனும் அசைந்தனர். நம் நாட்டுக் கதைகளையும் இவ்வாறு திரையில் காட்ட இயலாதா என்னும் கேள்வி அவரை உறங்கவிடவில்லை. மறுநாட்களில் மனைவியையும் அழைத்துச் சென்று படம் காட்டினார். வீட்டுச் செலவுக்கே வழியில்லாத அந்நிலையிலும் சரசுவதிபாய் கணவரின் கனவைத் தடுக்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் நகரில் திரையிடப்பட்ட படங்களையெல்லாம் இடைவிடாது பார்த்தார். கையில் கிடைத்த நூல்களையும் விலைப்பட்டியல்களையும் இரவெல்லாம் படித்தார். நாளொன்றுக்கு மூன்று மணிநேரமே உறங்கினார். பொம்மைப் படக்கருவி ஒன்றை வாங்கி ஆய்வுகள் செய்தார். ஓய்வின்றி உழைத்த கண்கள் ஒருநாள் ஒளியிழந்தன. காட்சிக்கலையைக் கற்கப் புறப்பட்டவருக்குக் காட்சியே இல்லாமற்போயிற்று. கண் மருத்துவர் ஒருவரின் கனிவான சிகிச்சையால் பார்வை மெல்லத் திரும்பியது. மூக்குக்கண்ணாடிகள் பலவற்றின் துணையோடு மீண்டும் தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

இலண்டனில் இரண்டு மாதங்கள்

திரைப்படம் எடுப்பதற்கான கருவிகள் அன்று இந்தியாவில் விற்பனைக்கு இல்லை. அவற்றை இயக்கக் கற்பிப்பாரும் இல்லை. தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன்பெற்ற பால்கே, 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே பயாஸ்கோப் என்னும் வார இதழின் அலுவலகத்திற்குள் முன்னறிமுகமின்றி நுழைந்தார். இந்தியாவில் படத்தொழில் செழிக்குமா என்று ஐயுற்ற இதழாசிரியர், வந்தவரின் உறுதியைக் கண்டு உதவ முன்வந்தார். செசில் ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத் தயாரிப்பாளரை அறிமுகப்படுத்தினார். ஹெப்வொர்த் தம் படப்பிடிப்பு நிலையத்தின் எல்லாப் பிரிவுகளையும் பால்கேக்குத் திறந்துகாட்டினார்.

வில்லியம்சன் நிறுவனத்தின் படக்கருவியை விலைக்கு வாங்கினார் பால்கே. துளையிடும் இயந்திரத்தையும் பதனிடுவதற்கும் படியெடுப்பதற்குமான கருவிகளையும் கோடாக் நிறுவனத்தின் கச்சாப் பிலிமையும் பெற ஏற்பாடு செய்தார். ஏப்ரல் திங்கள் முதல் நாள் தாயகம் திரும்பினார். பால்கே பிலிம்ஸ் என்னும் பெயரில் அவருடைய நிறுவனம் உருப்பெற்றது. தாதரில் இருந்த அவர் வீடே அதன் தலைமையிடமும் தொழிற்கூடமும் ஆயிற்று.

துளையிட்ட கைகள்

வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வந்த இயந்திரங்களை, உடன்வந்த வரைபடத்தை மட்டும் துணையாகக் கொண்டு நான்கே நாள்களில் பால்கே பொருத்தி முடித்தார். முதலில் இயங்கத் தொடங்கியது துளையிடும் இயந்திரம்.

அக்காலத்தில் கச்சாப் பிலிம் பெரும்பாலும் ஓரத்துளைகள் இன்றியே விற்பனைக்கு வந்தது. துளையில்லாத பிலிமைப் படக்கருவியாலோ படியெடுக்கும் இயந்திரத்தாலோ இழுக்க இயலாது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமில் ஓர் அடி நீளத்தில் 16 படச்சட்டங்கள் அடங்கும். சட்டம் ஒன்றுக்கு இருபுறமும் நான்கு நான்காக எட்டுத் துளைகள் வேண்டும். அவ்வாறாயின் 3,700 அடி நீளமுள்ள ஒரு படத்தில் மட்டும் நான்கு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். எதிர்ப்படிக்கும் நேர்ப்படிக்கும் தனித்தனியே இவ்வேலையைச் செய்ய வேண்டும். துளைகளின் இடைவெளி மயிரிழை பிசகினாலும் திரையில் உருவம் நடுங்கும். ஒளியுணர் பூச்சின்மீது வெள்ளொளி ஒருகணம் பட்டாலும் சுருள் முழுதும் கரியாகிவிடும். அக்காலத்துப் பூச்சைச் செந்நிற ஒளி எளிதில் தாக்காது. எனவே மங்கிய சிவப்பு விளக்கின் அடியில், கண்ணைவிடக் கைவிரல்களையே நம்பி வேலை செய்ய வேண்டும்.

இவ்வேலையை ஏற்றவர் சரசுவதிபாய். பகலில் சமையலும் பிள்ளைகளும். இரவில் துளையிடும் இயந்திரம். உருத்துலக்கும் கரைசலைக் கலக்கும் அளவுகளையும் அவர் கற்றுக்கொண்டார். அடுப்பங்கரை இரவில் இருட்டறையாயிற்று. எழுதப்பட்ட பாடநூலோ பயிற்சிப் பள்ளியோ இல்லாத காலத்தில் இந்தியப் படப்பதனிடு தொழிலின் முதல் தொழில்நுட்பக் கலைஞர்களுள் ஒருவராக அவ்வம்மையார் விளங்கினார்.

பட்டாணிச் செடியின் வளர்ச்சி

கருவிகள் ஆயத்தமாயினும் கதைப்படம் எடுக்கப் பெரும்பொருள் தேவைப்பட்டது. கண்ணால் காணாத ஒன்றுக்குக் கடன்கொடுக்க எவரும் முன்வரவில்லை. பால்கே ஒரு வழி கண்டார். தொட்டியொன்றில் பட்டாணி விதையை ஊன்றி, அதன் எதிரே படக்கருவியை அசையாமல் நிறுத்தினார். நாள்தோறும் சிறிது சிறிதாக ஒரு மாதத்திற்கும் மேலாகப் படமெடுத்தார். அச்சுருளைப் பதனிட்டுப் படியெடுத்துத் திரையிட்டபோது, விதை முளைவிட்டுத் தண்டாகிக் கொடியாகும் வளர்ச்சி ஒரு நிமிட அளவில் கண்முன் நிகழ்ந்தது. கண்டவர்கள் வியந்தனர். அவர்களுள் ஒருவர் கடன்கொடுக்க இசைந்தார். சரசுவதிபாயின் நகைகளும் அடகுக்கடைக்குச் சென்றன.

அச்சிறுபடம் மற்றொரு வகையிலும் பயன்பட்டது. துளையிடுதல் தொடங்கித் திரையிடுதல் வரையிலான எல்லாப் படிநிலைகளும் வீட்டிலேயே பிழையின்றி நிகழக்கூடும் என்பதை அது மெய்ப்பித்தது.

அரிச்சந்திரன் கதை

வாய்மையின் பொருட்டு நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த அரிச்சந்திரனின் கதையைத் தம் முதற்படத்திற்குப் பால்கே தேர்ந்தார். ராஜா அரிச்சந்திரா என்று பெயரிடப்பட்ட அப்படத்தின் கதை, இயக்கம், காட்சியமைப்பு, ஒப்பனை, படத்தொகுப்பு, பதனிடல் ஆகிய யாவும் அவர் கையாலேயே நடைபெற்றன. படக்கருவியை இயக்கத் தம் நண்பர் திரிம்பக் தெலங்குக்குப் பயிற்சி அளித்தார்.

நடிப்பதைத் தாழ்வாகக் கருதிய காலம் அது. பெண் வேடம் ஏற்க எப்பெண்ணும் முன்வரவில்லை. இறுதியில் உணவகம் ஒன்றில் சமையற்பணி செய்த சாளுங்கே என்னும் இளைஞர் சந்திரமதியாக நடித்தார். அரிச்சந்திரனாக நாடக நடிகர் தாப்கேயும், மகனாகப் பால்கேயின் மூத்த மகன் பாலச்சந்திராவும் நடித்தனர். திரைப்படத்தில் நடிப்பதாகச் சொன்னால் ஊரார் பழிப்பர் என்று அஞ்சிய நடிகர்கள், அரிச்சந்திரன் என்பாரின் தொழிற்சாலையில் வேலை செய்வதாக வெளியே கூறிக்கொண்டனர்.

அறுபதுக்கும் மேற்பட்டோருக்குச் சரசுவதிபாய் நாள்தோறும் உணவு சமைத்தார். படப்பிடிப்பின்போது வெயிலில் வெண்துணியைப் பிடித்து ஒளியைத் திருப்பி நடிகர்களின் முகத்தில் விழச்செய்தார். மாலையில் அனைவரும் கலைந்த பின்னரே கணவனுக்கும் மனைவிக்கும் அடுத்த வேலைநேரம் தொடங்கியது.

எதிர்ப்படியிலிருந்து நேர்ப்படிக்கு

பகலில் படம்பிடிக்கப்பட்ட சுருள் இரவில் இருட்டறைக்குள் வரும். வெறுங்கண்ணுக்கு அதில் உருவம் எதுவும் தெரியாது. ஒளிபட்ட வெள்ளி உப்புத்துகள்களில் உருவம் மறைந்திருக்கும். சுருளை உருத்துலக்கும் கரைசலில் அமிழ்த்தினால் அத்துகள்கள் கருத்து உருவம் புலப்படும். உரிய நொடியில் எடுத்து அலசி ஹைப்போக் கரைசலில் இட்டால், எஞ்சிய வெள்ளி உப்பு கரைந்து உருவம் நிலைபெறும். ஹைப்போவின் எச்சம் சிறிதும் இராதவாறு தூய நீரில் நெடுநேரம் கழுவி, தூசி படாமல் உலர்த்த வேண்டும். பூச்சு ஊன்பசையால் ஆனது. பம்பாயின் வெப்பத்தில் கரைசல் சூடேறினால் அது இளகி உரிந்துவிடும். ஆதலின் குளிர்ந்த இரவுப்பொழுதே இவ்வேலைக்கு ஏற்றதாயிற்று.

இவ்வாறு கிடைப்பது எதிர்ப்படி. அதில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் தோன்றும். அரிச்சந்திரனின் வெண்ணிற ஆடை கரியதாகவும் கருங்கூந்தல் வெண்மையாகவும் தெரியும். அதனை நேர்ப்படியாக மாற்றுவதே படியெடுக்கும் இயந்திரத்தின் பணி.

அவ்வியந்திரத்தின் அமைப்பு எளியது, இயக்குவதே அரியது. எதிர்ப்படிச் சுருளும் புதிய பிலிம் சுருளும் மேலே இரண்டு உருளைகளில் பொருத்தப்படும். இரண்டின் பூச்சுப்பக்கங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்படி சிறிய சாளரம் ஒன்றின்முன் அவை இணைந்து இறங்கும். கைப்பிடியைச் சுழற்றும்போது, துளைகளைப் பற்றிய கொக்கிகள் ஒவ்வொரு சட்டமாக இரண்டையும் ஒருசேர இழுத்துச் சாளரத்தில் நிறுத்தும். நின்ற அக்கணத்தில் விளக்கொளி எதிர்ப்படியை ஊடுருவிப் புதிய பிலிமில் பதியும். மூடி ஒளியை மறைக்க, அடுத்த சட்டம் இறங்கும். 3,700 அடிப் படத்தில் ஏறத்தாழ 59,000 சட்டங்கள் உள்ளன. ஒரு படி எடுப்பதற்கு அத்தனை முறையும் இது நிகழ வேண்டும்.

கைப்பிடியைச் சீரான வேகத்தில் சுற்றுவது முதல் கடமை. வேகம் கூடினால் படம் வெளிறும், குறைந்தால் கருக்கும். விளக்கின் ஒளியளவை மாற்றுவது அதனினும் நுண்ணிய கடமை. உச்சிவெயிலில் எடுத்த காட்சியின் எதிர்ப்படி அடர்த்தியாக இருக்கும்; அதற்கு மிகுந்த ஒளி வேண்டும். மாலைநேரக் காட்சியின் எதிர்ப்படி மெலிந்திருக்கும். அதற்குக் குறைந்த ஒளியே போதும். காட்சி மாறும் இடங்களை முன்னரே குறித்து வைத்துக்கொண்டு, கை சுழன்றவாறிருக்க, ஒளியைக் கூட்டியும் குறைத்தும் செல்ல வேண்டும். எதிர்ப்படியில் ஒட்டிய ஒரு தூசியும் திரையில் பெரிய வெண்புள்ளியாகத் தோன்றும். ஆகவே துடைத்த இடத்தையே மீண்டும் மீண்டும் துடைக்கும் பொறுமையும் இயக்குபவருக்கு வேண்டும்.

கல்லச்சில் வண்ணங்களின் அடர்த்தியைக் கண்ணாலேயே அளந்து பழகிய பால்கேக்கு இவ்வறிவு புதிதன்று. ஒருமுறை பார்வையை இழந்து மீண்ட அதே கண்களால் செந்நிற மங்கலில் ஒவ்வோர் அடியையும் அவர் ஆராய்ந்தார். எதிர்ப்படிக்கு மாற்றில்லை. அது கிழிந்தாலோ கீறல் விழுந்தாலோ ஒருநாள் உழைப்பு மட்டுமன்றி, அடகுவைத்த நகையும் ஈடுவைத்த காப்பீடும் கைநழுவிப் போகும். அன்றைய பிலிம் எளிதில் தீப்பற்றும் தன்மையது என்பதால், அடுப்பு எரிந்த வீட்டிற்குள் அச்சுருள்களைக் காப்பதே பெரும் நோன்பாக இருந்தது.

ஆறு மாதங்களும் இருபத்தேழு நாள்களும் நீண்ட உழைப்பின் பயனாக நான்கு சுருள்களில் படம் முடிவுற்றது.

மக்கள் முன்னிலையில்

1913ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பம்பாயின் ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்ட சான்றோர்களுக்கு ராஜா அரிச்சந்திரா காட்டப்பட்டது. மே 3ஆம் நாள் கொரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. தாம் அறிந்த கதை, தம்மைப் போன்ற முகங்களுடன் திரையில் உயிர்பெற்றதைக் கண்ட மக்கள் திரண்டு வந்தனர். நகர எல்லையோடு பால்கே நின்றுவிடவில்லை. படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் மாட்டுவண்டியில் ஏற்றிச் சிற்றூர்களுக்கும் சென்றார். ஒருகாலத்தில் இரவிவர்மாவின் ஓவியங்கள் அச்சுப்படிகளாகிக் குடிசைகளை அடைந்ததைப் போலவே, அரிச்சந்திரனின் கதை பிலிம்படிகளாகி நாட்டுப்புற மக்களை அடைந்தது.

அவ்வாண்டே தம் தொழிற்கூடத்தை நாசிக்கிற்கு மாற்றினார். அங்கு உருவான மோகினி பஸ்மாசுரா என்னும் படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். திரையில் பெண்களே பெண் வேடமேற்கும் வழக்கம் அப்படத்தால் தொடங்கிற்று. 1914ஆம் ஆண்டு தம் படங்களுடன் மீண்டும் இலண்டன் சென்றார். படங்களின் தொழில்நுட்பத் தரத்தை அங்குள்ளோர் பாராட்டினர். ஊதியத்துடன் அங்கேயே தங்கிப் படமெடுக்குமாறு அழைப்பும் வந்தது. இந்தியாவில் இத்தொழிலை நிலைநாட்டுவதே தம் நோக்கம் என்று அதனை மறுத்துத் திரும்பினார்.

திரும்பியபோது முதல் உலகப்போர் மூண்டிருந்தது. கடல்வழி வந்த கச்சாப் பிலிம் அரிதாயிற்று. கடன்கொடுத்தோர் கையை விரித்தனர். அந்நெருக்கடியையும் கடந்து 1917ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இலங்கா தகனம் பெருவெற்றி பெற்றது. சென்னையில் அப்படத்திற்கு வசூலான நாணய மூட்டைகள் காவலர் துணையோடு மாட்டுவண்டியில் கொண்டுசெல்லப்பட்டன என்று திரைப்பட வரலாறு கூறுகிறது. அக்காலத்தை ஒட்டியே தமிழ்நாட்டில் நடராஜ முதலியார் கீசகவதம் என்னும் மௌனப்படத்தை எடுத்தார். அவரும் பெங்களூருவில் தமக்கெனப் படப்பதனிடு கூடம் அமைத்தே தொழில் நடத்தினார்.

தொழிலின் நுட்பத்தை மூடிவைக்கும் எண்ணம் பால்கேயிடம் இருந்ததில்லை. திரைப்படம் எவ்வாறு உருவாகிறது என்பதைக் காட்டும் குறும்படம் ஒன்றையே எடுத்து மக்களுக்குத் திரையிட்டார். தம் கூடத்தில் பணிபுரியும் பால்கேயின் உருவம் அதன் எஞ்சிய பகுதிகளில் இன்றும் காணக்கிடைக்கிறது.

தனித்து நின்ற முதுமை

1918ஆம் ஆண்டு செல்வர்கள் சிலரைப் பங்காளிகளாகக் கொண்டு இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஸ்ரீகிருஷ்ண ஜன்மம், காளிய மர்த்தனம் ஆகிய படங்களில் பால்கேயின் மகள் மந்தாகினி குழந்தைக் கண்ணனாகத் தோன்றி மக்கள் மனத்தைக் கவர்ந்தாள். ஆனால் கணக்கேட்டைக் கண்ணாகக் கொண்ட பங்காளிகளுக்கும் கலையைக் கண்ணாகக் கொண்ட பால்கேக்கும் இடையே பிணக்கு முற்றியது. மனம் வெறுத்துக் காசிக்குச் சென்ற அவர், அங்கே நாடகம் எழுதினார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அழைக்கப்பட்டு வந்தாலும் பழைய உரிமை அவருக்குக் கிட்டவில்லை.

இதற்கிடையில் காலம் மாறியது. 1931ஆம் ஆண்டு இந்தியத் திரை பேசத் தொடங்கியது. மௌனப்படமாக உருவான சேது பந்தனம் ஒலி சேர்க்கப்பட்டு வெளிவந்தது. 1937ஆம் ஆண்டு வெளியான கங்காவதரணம் அவர் இயக்கிய ஒரே பேசும்படம், இறுதிப்படமும் அதுவே. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் தொண்ணூற்றைந்து படங்களையும் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களையும் அளித்தவர், தாம் தொடங்கிவைத்த தொழிலின் ஆரவாரத்திலிருந்து ஒதுங்கி நாசிக்கில் வாழ்ந்தார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எஞ்சிய சுருள்கள்

பால்கே எடுத்த படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. வெப்பமும் ஈரமும் தீயும் கவனக்குறைவும் அவற்றை அழித்துவிட்டன. ராஜா அரிச்சந்திராவின் நான்கு சுருள்களுள் முதலும் கடைசியும் மட்டுமே புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவையும் 1917ஆம் ஆண்டு பால்கே மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்று கருதும் ஆய்வாளர் உளர். ஒன்றைப் பலவாக்கிக் காட்டிய அக்கலையில், படிகள் பெருகாத படைப்புகள் மறைந்தன. எங்கோ ஒரு பெட்டியில் தப்பிய படிகளே வரலாறாயின. படியெடுக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றியவர் திரையில் தோன்றுவதில்லை. ஆயினும் திரையில் தோன்றியவர்கள் காலத்தைக் கடந்து வாழ்வது அவர் கையால்தான்.

இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று பால்கே போற்றப்படுகிறார். அந்தப் பெருமையில் துளையிடும் இயந்திரத்தின்முன் இரவுகளைக் கழித்த சரசுவதிபாய்க்கும் பங்குண்டு. படைப்பாளியின் கற்பனையும், கருவியை இயக்கும் கையின் பொறுமையும், வீட்டாரின் தியாகமும் ஓர் இருட்டறையில் ஒன்றுகூடியபோதுதான் இந்தியாவின் வெண்திரையில் ஒளி தோன்றியது.

தெரிந்து தெளிவோம்

பால்கேயின் நூற்றாண்டை ஒட்டி 1969ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் பெயரில் விருதொன்றை நிறுவியது. திரைப்படத்துறைக்கு வாழ்நாள் பங்களிப்புச் செய்தோர்க்கு வழங்கப்படும் உயரிய விருது இதுவாகும். தமிழ்த் திரையுலகைச் சேர்ந்த சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் இவ்விருதைப் பெற்றுள்ளனர். சென்னையில் பிரசாத் படப்பதனிடு நிலையத்தை நிறுவிய எல்.வி. பிரசாத்தும் இவ்விருதைப் பெற்றவரே.